கேரம் போர்டின் மேல் போட்ட கையெழுத்து: உயில் வேலை பார்க்கும் வக்கீல்களுக்கு ஒரு டைப்பிஸ்ட்டின் திறந்த மடல்

பாரிமுனையிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் உயில், சொத்து வழக்கு பார்க்கும் வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். 1998-இல் பழைய மெஷினில் தொடங்கியது, இப்போது கம்ப்யூட்டர். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் உங்கள் குமாஸ்தாக்கள் ஓடி வந்து, "மேடம், காலையில ஃபைலிங், எப்படியாவது முடிச்சுக் குடுங்க" என்று நீட்டுகிற கட்டுகளை அடித்துக் கொடுப்பவள். புரொபேட் மனு, அதாவது உயில் உண்மையானது என்று கோர்ட்டிடம் உறுதி கேட்கும் மனு, எத்தனை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அதுதான் பிரச்சினையே. கண்ணை மூடிக்கொண்டுதான் அடித்தேன், என் அப்பாவின் உயிலுக்கான மனுவையும்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ராயபுரத்தில் எங்களுக்கு ஒரு வீடு, கால் கிரவுண்டு, அதாவது 600 சதுர அடி. கீழே இரண்டு அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறை. 2004-இல் ஒரு வெள்ளைத் தாளில் தன் கையாலேயே தமிழில் உயில் எழுதினார். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சி மட்டும் கட்டாயம் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் சங்கத்துக்காரர் யாராவது சொல்லியிருக்கலாம். அம்மா இருக்கும்வரை வீடு அம்மாவுக்கு, அப்புறம் கீழ்வீடு எனக்கு, மாடி அண்ணனுக்கு. உயிலை நிறைவேற்றுபவராகத் தன் கேரம் கிளப் செகரட்டரியின் பெயரை எழுதியிருந்தார். 2016-இல் அப்பா போனார். செகரட்டரி மாமா அவருக்கு நாலு வருஷம் முன்பே போய்விட்டிருந்தார்.

அம்மாவிடம் புரொபேட் என்றால் என்ன என்று சொன்னபோது அவர் கேட்ட கேள்வியை உங்கள் எல்லோருக்கும் அப்படியே தருகிறேன். "உங்கப்பா எழுதனத, உங்கப்பாதான் எழுதனாருன்னு கோர்ட்டுல போய் நாம நிரூபிக்கணுமா? இன்னாடி கூத்து இது?"

கூத்து எங்கள் தெருவிலேயே மூன்று விதமாக இருந்தது. பக்கத்து வீட்டில் கிறிஸ்தவக் குடும்பம். 2002-இல் வந்த திருத்தத்துக்குப் பின் அவர்களுக்குப் புரொபேட் கட்டாயமில்லை. எதிர்வீட்டுப் பாய் குடும்பத்துக்கு இந்தக் கட்டாயம் எப்போதுமே பொருந்தியதில்லை. நடுவில் இருந்த எங்களுக்கு மட்டும் அப்போது கட்டாயம். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடு எல்லைக்குள், அதாவது ஹைகோர்ட்டே நேரடியாக வழக்கு விசாரிக்கும் நகர எல்லைக்குள், உயில் எழுதினாலோ, அந்த எல்லைக்குள் வீடு நிலம் இருந்தாலோ இந்துக்களுக்கு இது 1870-ஆம் வருஷத்து இந்து உயில் சட்டத்திலிருந்து வந்த சுமை. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் அதை 213-ஆம் பிரிவாக வைத்துக்கொண்டது. இதே மாதிரி ஒரு உயிலைத் திண்டிவனத்தில் இருப்பவர் அங்கே உள்ள வீட்டுக்காக அங்கேயே எழுதியிருந்தால் இந்தப் பேச்சே கிடையாது. அம்மாவிடம் இதை விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

நான் போன முதல் வக்கீல் யார் என்று சொல்லப் போவதில்லை. பதினைந்து வருஷமாக அவருக்கு டைப் அடித்துக்கொடுத்தவள் நான். பழக்கத்தில், "உனக்கு ஃபீஸ் எதுக்கும்மா, வீடு கைக்கு வந்ததும் அதுல ஒரு பங்கு பார்த்துக் குடு" என்றார். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக்கூடாது, வழக்கில் கிடைப்பதில் பங்கு கேட்கக்கூடாது என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். உங்களுக்கு முதலிலேயே தெரியும்.

மனுவை நானே அடித்தேன். புரொபேட் வேண்டி, மனுதாரர் நான். இருபது வருஷம் அடித்தும் ஒரு விஷயம் எனக்கு உறைக்கவில்லை: புரொபேட் என்பது உயிலில் பெயர் சொல்லப்பட்ட எக்ஸிகியூட்டருக்கு, அதாவது உயிலை நிறைவேற்றுபவருக்கு, மட்டும்தான் கிடைக்கும். அவர் உயிரோடு இல்லையென்றால், உயிலை இணைத்து நிர்வாக உரிமை கேட்க வேண்டும், நீங்கள் 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்' என்பீர்களே, அது. பேர் வேறு, மனு வேறு. எங்கள் வக்கீல் பழைய மனு ஒன்றின் நகலைக் கொடுத்து, பேரை மாற்றி அடிக்கச் சொன்னார். மாற்றி அடித்தேன்.

மனு திரும்பி வந்தது. திரும்பி வந்தது என்பது எனக்குத் தெரிய ஒன்றரை வருஷம் ஆயிற்று. கட்டு அவர் ஆபீஸ் பீரோவிலேயே கிடந்திருக்கிறது. கேட்கும்போதெல்லாம் "நம்பர் ஆகலை, ஆயிடும்" என்றார் குமாஸ்தா. கட்டின் மேல் ரிஜிஸ்ட்ரி ஒட்டியிருந்த சீட்டில் இரண்டு கேள்வி இருந்தது. எக்ஸிகியூட்டர் அல்லாதவர் எப்படிப் புரொபேட் கேட்கிறார் என்பது ஒன்று. இரண்டாவது, இறந்தவரின் தாயார் எங்கே?

ஆயாவை விட்டுவிட்டோம். அப்பாவைப் பெற்றவர், அப்போது எண்பத்தெட்டு வயசு, எண்ணூரில் அத்தை வீட்டில் இருந்தார். உயில் இல்லாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சமபங்கு உண்டு. அதனால் உயில் இருந்தாலும் தாய்க்குச் சொல்லாமல் மனுப் போட முடியாது. அவரும் சம்மதப் பத்திரம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். தாசில்தார் ஆபீசில் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் ஆயா பெயர் இருந்தது. அந்தச் சான்றிதழை மனுவோடு வைத்துத் தைத்ததும் நான்தான். இரண்டையும் சேர்த்து ஒருவரும் படிக்கவில்லை, நான் உள்பட.

இந்தக் கதையில் என்னைக் குத்துகிற இடம் இதுதான். கட்டு பீரோவில் கிடந்த காலத்தில், 2018-இல், ஆயா இறந்துபோனார். ஒரு கைநாட்டு போதும் என்றிருந்த இடத்தில் இப்போது ஆயாவின் வாரிசுகளான ஐந்து பேரின் கையெழுத்து வேண்டியதாகிவிட்டது. மூன்று சித்தப்பா, இரண்டு அத்தை. மணலிச் சித்தப்பா கையெழுத்துப் போட வந்த இடத்தில், "அப்ப எங்கம்மா பங்கு இன்னா ஆச்சு?" என்றார். உயில் செல்லும் என்றால் ஆயாவுக்குப் பங்கு இல்லை, செல்லாது என்றால் உண்டு, அதனால்தான் உங்களைக் கேட்கிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் "அப்ப செல்லாதுன்னு சொல்லிப் பார்க்கலாமா?" என்று அவருக்குத் தோன்றியிருக்கும். தோன்றியது. இரண்டு மாசம் தோன்றிக்கொண்டே இருந்தது. கேவியட், அதாவது ஆட்சேபம், போட்டால் ஓ.பி. என்கிற சாதா மனுவாக இருப்பது டெஸ்டமென்டரி சூட் என்கிற முழு வழக்காக மாறி விசாரணை, குறுக்கு விசாரணை என்று எத்தனை வருஷம் ஓடும் என்பதை இந்தத் தெருவில் நானே பார்த்திருக்கிறேன். அத்தைதான் தம்பியை அதட்டிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாவது வக்கீல் தம்புச் செட்டித் தெருவில், இரண்டாம் மாடியில், என்னைவிடச் சின்னப் பெண். கட்டை வாங்கி முழுசாகப் படித்தார். முக்கால் மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒரு காகிதத்தில் தமிழில் எழுத ஆரம்பித்தார். என்ன மனு, ஏன் அந்த மனு, யார் யார் கையெழுத்து, எந்தெந்தப் பத்திரம், கோர்ட் கட்டணம் எவ்வளவு, தனக்கு எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில் கொடுக்க வேண்டும், எங்கே எங்கே தாமதமாகலாம். ஒரே பக்கம். கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். அந்தக் காகிதத்தை வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினோம். ஒவ்வொன்று முடிந்ததும் அம்மா பென்சிலில் டிக் அடிப்பார். அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர்.

நான் கேட்பது அந்த ஒரு பக்கம்தான். மற்றதெல்லாம் அதற்கான காரணங்கள்.

அந்தப் பக்கத்தில் முதல் வரியாக இருந்தது: "சாட்சியைக் கண்டுபிடிக்கவும்." உயிலில் இரண்டு சாட்சி. ஒருவர் காலமாகியிருந்தார். இன்னொருவர் ரிட்டயர் ஆகித் திண்டிவனம் பக்கத்தில் சொந்த ஊருக்குப் போய்விட்டவர். உயிலில் அவருடைய வயசோ ஊர் முகவரியோ இல்லை, கிறுக்கலாக ஒரு கையெழுத்தும் துறைமுக டோக்கன் நம்பரும் மட்டும். பழைய சங்கத்துக்காரர்களிடம் அலைந்து, கோயம்பேட்டில் பஸ் பிடித்து, நானும் அண்ணனும் போனோம். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண்பது வயசு. உயிலின் ஜெராக்ஸைக் கையில் கொடுத்தோம். தூரத்தில் நீட்டிப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"இது நம்ம கிளப்புல போட்டது கண்ணு" என்றார். "போர்டு மேல வச்சுப் போட்டேன். பவுடர் ஒட்டிக்கிச்சு. உங்கப்பா, ஏண்டா தொடச்சிட்டு வைக்க மாட்டியான்னு திட்டினான்."

ஊருக்கு வந்ததும் ஒரிஜினலை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது சாட்சிக் கையெழுத்துப் பக்கத்தில், சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி, மை கொஞ்சம் திப்பித் திப்பியாக இருக்கிறது. அது பவுடர்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்பா போட்டதை அவர் பார்த்தார், அவர் போட்டதை அப்பா பார்த்தார், அப்பா அப்போது தெளிவாகத்தான் இருந்தார், திட்டக்கூடச் செய்தார். சாட்சியின் பிரமாணப் பத்திரத்துக்கு வேண்டியது இந்த மூன்றும்தான். அதை அடிக்கும்போது முதல் தடவையாக நான் அடிப்பதைப் படித்தேன். "உயில் எழுதியவர் என் முன்னிலையில் கையெழுத்திட்டார், நான் அவர் முன்னிலையில் கையெழுத்திட்டேன்." நூறு தடவை அடித்த வரி.

அவரும் இல்லாமல் போயிருந்தால் வழியே இல்லை என்று அர்த்தமில்லை; கையெழுத்தை அடையாளம் காட்டக்கூடிய வேறு ஆட்களை வைத்து நிரூபிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் உயில் எழுத உங்களிடம் வருகிறவர்களுக்குத் தயவுசெய்து சொல்லுங்கள்: எழுதுகிறவரைவிட வயசில் சின்ன சாட்சியாகப் பிடிக்க வேண்டும், முகவரி, வயசு, போன் நம்பர் எழுத வேண்டும், எக்ஸிகியூட்டருக்கு ஒரு மாற்று ஆளையும் போட வேண்டும். அப்பா மாற்றாக என் பெயரையோ அண்ணன் பெயரையோ போட்டிருந்தால் புரொபேட்டாகவே முடிந்திருக்கும். ஜாமீன்தாரர் தேடும் வேலையும் இருந்திருக்காது. நிர்வாக உரிமை என்றால் பத்திரம் எழுதிக்கொடுத்து ஜாமீன் காட்ட வேண்டும் என்று தெரிந்ததும் அதுவரை வாராவாரம் வந்துகொண்டிருந்த சொந்தக்காரர்கள் நாலு பேர் வருவதை நிறுத்தினார்கள். அது தனிக் கதை.

உயில் தமிழில் இருந்ததால் மொழிபெயர்ப்பு, அப்புறம் பேப்பரில் விளம்பரம், நடுவில் கொரோனா. 2021-இல் உத்தரவு கைக்கு வந்தது. மாநகராட்சி ராயபுரம் மண்டலத்தில் சொத்து வரிப் பெயர் மாற்றம், கரண்ட் கனெக்‌ஷன், குடிநீர் வாரியம் எல்லாம் இதைவிடச் சுலபமாக நடந்தன என்றால் நம்ப மாட்டீர்கள்.

நீங்கள் ரொம்பப் பேர் மறந்துவிடுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உத்தரவு கிடைத்த ஆறு மாசத்துக்குள் இறந்தவரின் சொத்து, கடன் பட்டியலையும், ஒரு வருஷத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மனுவிலும் இந்த வாக்குறுதியை நான் அடிக்கிறேன். ஆனால் மனு அடித்தவர்களில் அந்தக் கணக்கை அடிக்கத் திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கட்சிக்காரருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, கேட்டால், "ஆர்டர் வாங்கியாச்சே, இன்னும் என்ன?" என்பார். எங்கள் வக்கீல் எழுதிய பக்கத்தில் கடைசி இரண்டு வரி இவைதான். அப்பாவின் நகைக் கடன் பாக்கியை அடைத்த ரசீது வரைக்கும் வைத்துக் கணக்குக் கொடுத்தோம். கணக்கைப் பார்த்த பிறகு அண்ணனுக்கும் எனக்கும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை.

சரி, இந்த மடலை இப்போது ஏன் எழுதுகிறேன்? 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த 213-ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் அது "இனி உயிலுக்குக் கோர்ட்டே வேண்டாம்" என்று சுற்றுகிறது. என் கடையில் வந்து நிற்கிறார்கள். "மேடம், உயில் இருந்தா போதுமாமே, நேரா பேர் மாத்திக்கலாமாமே?" நான் வக்கீல் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். உங்களில் ஒரு சிலர் "ஒண்ணும் வேண்டாம், போங்க" என்று அனுப்புகிறீர்கள். ஒரு சிலர் சட்டம் மாறியதையே சொல்லாமல் பழைய மாதிரி மனு அடிக்க அனுப்புகிறீர்கள். பேர் மட்டும் மாற்றி அடித்தால் போதும் என்று எனக்கு வருகிற கட்டுகளிலிருந்து எனக்குத் தெரியும்.

கட்டாயம் போயிற்று, உயிலை நிரூபிக்கும் தேவை போகவில்லை. யாராவது ஒருவர் இது பொய் உயில் என்று சொன்னால் அப்போதும் சாட்சியைக் கூண்டில் ஏற்றித்தான் ஆக வேண்டும். உயிலைப் பதிவு செய்திருந்தாலும் இதே கதைதான். கோர்ட் ஒரு முறை புரொபேட் கொடுத்துவிட்டால் அந்த உயில் உண்மை என்பது ஊர் உலகத்துக்கே செல்லும். அதனால் பிள்ளைகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும், சாட்சிக்கு எண்பது வயசான உயிலுக்கும், நாளைக்கே விற்கப்போகிற வீட்டுக்கும் வேறு ஆலோசனை. எல்லோரும் ஒத்துப்போகிற வீட்டுக்கு வேறு ஆலோசனை. வருகிறவர் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிஷம் ஆகும். பேங்கில் இருக்கும் பணத்துக்கு நாமினி இருந்தால், புரொபேட்டோ வாரிசுரிமைச் சான்றோ கேட்காமல், பேப்பர் எல்லாம் கொடுத்த பதினைந்து நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது, அதையும் சொல்லுங்கள். கூடவே, நாமினி என்பவர் வாங்கி வைத்திருப்பவர்தான், சொந்தக்காரர் இல்லை என்பதையும் சொல்லுங்கள். ஷேர்களுக்கு 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. அதை யாரும் சொல்லாமல்தான் அண்ணன் தம்பிகள் பேங்க் வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஃபீஸ் கொடுக்க முடியாதவர்களையும் நீங்கள் பார்க்கிறீர்கள். காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா, இரண்டு பெண் பிள்ளைகளோடு, புருஷனின் உயிலைப் பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு போன மாசம் வந்தார். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது, அந்த ஆபீஸ் ஹைகோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர் அதற்கு முன் ஏறி இறங்கிய மூன்று ஆபீசிலும் இதைச் சொல்லவில்லை. நான்தான் சாலையைக் கடந்து கூட்டிக்கொண்டு போய் விட்டேன். கடையைப் பூட்டிவிட்டுப் போனதில் உங்கள் குமாஸ்தா ஒருவருக்கு என் மேல் கோபம்.

அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு மாதிரி நான் தயாராக அடித்து வைத்திருக்கிறேன், தமிழில், எங்கள் வக்கீல் எழுதிய அதே வரிசையில். பெயர், தொகை, தேதி மட்டும் நீங்கள் நிரப்பினால் போதும். கட்சிக்காரருக்குக் கொடுக்க அதை எடுத்துக்கொள்கிறவர்களிடம் நான் காசு வாங்க மாட்டேன், ஜெராக்ஸ் காசு உள்பட. கடை காலை ஒன்பதரையிலிருந்து. ஒன்றரையிலிருந்து இரண்டேகால் வரை மட்டும் குமாஸ்தாக்களை அனுப்ப வேண்டாம், உங்கள் கோர்ட் சாப்பிடும் நேரத்தில்தான் நானும் சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
மாடிப்படிக்குக் கீழே டைப்பிங் கடை,
லிங்கிச் செட்டித் தெரு